மாடு அழுமா என்று கேட்ட பிள்ளைக்கு

 

கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறோம். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திட்ட வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவு முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாள், ஆறாம் தரப் பிள்ளைகளிடம் பெருநாள் எப்படிப் போனது என்று கேட்டோம். வழமையான பதில்கள்தான். புது உடுப்பு, புத்தளத்திலிருந்து வந்த மாமி, வட்டிலப்பம். கடைசி வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பியது. "சேர், மாடு அழுமா?"

வகுப்பு சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை. அவர்களுடைய வளவில் இரண்டு மாடு குர்பான் கொடுத்தார்களாம். ஒன்றை அறுக்கும்போது மற்றது பத்தடி தள்ளி வேப்பமரத்தில் கட்டி நின்றதாம். முதலில் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்ததாம். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றதாம். கண்ணால் தண்ணி ஓடினதாம்.

நாங்கள் சொன்ன பதில்: "தூசு பட்டிருக்கும் மகள், இருங்கோ." மணியும் அடித்துவிட்டது.

எத்தனையோ வருடமாகப் படிப்பிக்கிறோம். பிழையான பதில்கள் நிறையச் சொல்லியிருப்போம், அதெல்லாம் மறந்தும் போயிருக்கும். இது மட்டும் போகவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு எங்கள் மார்க்கத்திலேயே பதில் இருக்கிறது, அந்தப் பதில் தூசு இல்லை என்பதுதான் காரணம்.

அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. அன்சாரித் தோழர் ஒருவருடைய தோட்டத்துக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நுழைகிறார்கள். அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகுகிறது, அதன் கண்கள் கண்ணீர் வடிக்கின்றன. நபியவர்கள் அதன் காதுக்குப் பின்புறமாகத் தடவிக்கொடுக்க அது அமைதியாகிறது. யாருடைய ஒட்டகம் இது என்று கேட்டு, வந்த உரிமையாளரிடம், அதைப் பட்டினி போட்டு அளவுக்கு மிஞ்சி வேலை வாங்குகிறாய் என்று அது என்னிடம் முறையிட்டது என்கிறார்கள். அதே நூலில் இன்னொன்று. பயணத்தில் தோழர்கள் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிடுகிறார்கள். தாய்க்குருவி வந்து சிறகை விரித்துத் தவிக்கிறது. குஞ்சை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார், திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவு வருகிறது. மிருகத்துக்கு மனசு உண்டா என்று அங்கே யாரும் விவாதம் நடத்தவில்லை. உண்டு என்பதை எடுத்துக்கொண்டுதான் கட்டளையே வருகிறது. குர்ஆனில் ஆறாவது அத்தியாயத்தின் பெயரே அல்அன்ஆம், கால்நடைகள். அதன் 38 ஆவது வசனம் பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் எங்களைப் போன்ற சமூகங்கள்தான் என்ற கருத்தைச் சொல்கிறது. சமூகம் என்றால் அதற்குள் தாய் இருக்கும், பிள்ளை இருக்கும், பிரிவு இருக்கும்.

விஞ்ஞானம் இந்த இடத்துக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. 1872 இல் சார்ள்ஸ் டார்வின் மனிதரும் மிருகங்களும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகின்றன என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகும் நெடுங்காலம், மிருகத்துக்கு உணர்ச்சி உண்டு என்று சொல்வதற்கே விஞ்ஞானிகள் கூச்சப்பட்டார்கள். 2012 ஜூலை 7 ஆம் திகதிதான் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் நனவுநிலைக்குத் தேவையான மூளை அமைப்பு இருக்கிறது என்று பிரகடனம் செய்தார்கள். மாட்டின் கண்ணீர் எங்கள் கண்ணீரைப் போன்றதா என்பது தனிக் கேள்வி. ஆனால் அதன் பயத்தில் சந்தேகம் இல்லை. இதயம் வேகமாக அடிக்கும், இரத்தத்தில் கோர்ட்டிசோல் ஏறும், கண்ணின் வெள்ளை தெரியும், நின்ற இடத்திலேயே சாணம் போடும். இறைச்சிக்கடை வைத்திருக்கிற நானாமாரிடம் கேட்டுப் பாருங்கள். மிரண்டு களைத்த மாட்டின் இறைச்சி கறுத்து இறுகிப் போகும் என்று அவர்களே சொல்வார்கள். பயத்தில் தசையிலிருக்கிற சர்க்கரை தீர்ந்துபோவதுதான் காரணம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் "தூசு" என்று சொன்னோம்? யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம் பிடிபட்டது. நாங்கள் பயந்திருக்கிறோம்.

2013 மே 24, வெசாக் தினத்தன்று, கண்டி தலதா மாளிகைக்கு அருகே போவத்தே இந்திரரத்ன தேரர் மாடறுப்பதை எதிர்த்துத் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். அடுத்த நாள் இறந்துபோனார். அந்த மனிதரின் உயிருக்காக எங்களுக்கும் கவலைதான். ஆனால் அந்த வருடங்களில் ஹலால் முத்திரைக்கு எதிராக நாட்டில் என்ன நடந்தது, அந்தச் சூட்டில் அந்தச் சாவு எப்படிப் பாவிக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ மாடறுப்பைத் தடை செய்யும் யோசனையைக் கொண்டுவந்தார், அமைச்சரவையும் அங்கீகரித்தது. கூடவே, சாப்பிட விரும்புகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சி இறக்குமதி செய்து கொடுப்பதாகவும் சொன்னார்கள். வெளிநாட்டு மாட்டுக்கு உயிர் இல்லையா என்று கேட்க அன்று ஆளில்லை. மிருகத்தை எப்படி நடத்துவது என்பதற்கு இந்த நாட்டில் இருக்கிற சட்டம் 1907 ஆம் ஆண்டு வந்தது. வதை செய்தவருக்கு அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. அதை மாற்றுகிற சட்டமூலம் வருடக்கணக்காக இழுபட்டது. வடக்கிலும் பசுவின் பெயரால் பதாகை பிடித்தவர்கள் வந்தார்கள், யாரைக் குறிவைத்துப் பிடித்தார்கள் என்பதை நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

இப்படி ஒவ்வொரு முறையும் மாட்டைச் சொல்லி எங்களை அடிக்கும்போது, நாங்களும் எங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாப்பிடுவது எங்கள் உரிமை என்றோம். அது உண்மை. அதில் ஒரு எழுத்தையும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் உரிமையைக் காக்கிற அவசரத்தில், மாட்டைப் பற்றி எவர் இரக்கமாகக் கதைத்தாலும் அவர் எங்களுக்கு எதிரி என்கிற மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கடைசி வாங்கில் இருக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதே பதில்.

எங்கள் வாப்பா இப்படி இருக்கவில்லை. முல்லைத்தீவில் அவருக்கு ஒரு பட்டி மாடு இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கையில் எடுக்க விட்டது கொஞ்சம்தான். மாட்டைக் கொண்டுபோக வழியில்லை. கடைசியாக அவர் செய்த வேலை பட்டியின் படலையைத் திறந்து தடியை இழுத்து எறிந்தது. ஒரு வெள்ளை நாகு மட்டும் போகாமல் பின்னால் வந்துகொண்டே இருந்ததாம். கல்லெடுத்து எறிந்துதான் திருப்பினாராம். புத்தளம் அகதி முகாமில் வருடக்கணக்காக இருந்தோம். வீடு போனதை, தோட்டம் போனதை அவர் பேசிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கல்லைப் பற்றி மௌத்தாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முதல்தான் சொன்னார். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் இல்லை அவர், வடிவாகச் சாப்பிடுவார். இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருந்தது.

மீளக்குடியேறி வந்த பிறகு எங்கள் பக்கத்துக் காணி அம்மாவும் இதே கதையைச் சொன்னா. அவவுக்கு நடந்தது 2009 இல். கட்டையில் நின்ற மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டுப் போனார்களாம். கட்டி வைத்தால் செல் விழும்போது ஓடக்கூட முடியாதே என்று. திரும்பி வந்தபோது வன்னி முழுக்கக் கட்டாக்காலி மாடு. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல்வெளியில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அம்மா தன்னுடைய போர்வையைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போர்த்திவிட்டு, தான் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருந்தா. எங்கள் தெருவில் இறைச்சிக்கடை வைத்திருக்கிற ஒருவர் அன்று இரவு முழுக்க அவவோடு நின்று நெருப்பு மூட்டினார். இதை எழுதுவதற்குக் காரணம், வன்னியில் மாட்டை நேசிக்கிறவர் ஒரு பக்கம், அறுக்கிறவர் மறுபக்கம் என்று கோடு கிழித்துவிட முடியாது.

இப்போது பாவா முஹையதீன் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை ஏற்காதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறீர்கள், தெரியும். தரீக்கா சரியா பிழையா என்கிற சண்டைக்கு நாங்கள் வரவில்லை, அதை வேறொரு நாள் பார்த்துக்கொள்வோம். ஏ9 வீதியால் போகும்போது புளியங்குளத்தைத் தாண்டுகிறோமே, அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம், மண்கும்பானில் பள்ளிவாசல். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வந்து இருந்து சோறு தின்ற இடம் அவருடையது. 1971 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். அங்கே 1984 இல் ஒரு பள்ளிவாசல் எழும்பியது. 1986 டிசம்பர் 8 ஆம் திகதி அங்கேயே காலமானார். கடைசி வரைக்கும் பேசியது தமிழில்தான். இறைச்சி சாப்பிடாதவர். அவருடைய கூட்டத்தின் சமையலறையிலும் மரக்கறிதான்.

குர்பானைப் பற்றி அவர் கொடுத்த விளக்கம் எங்களை நிறைய யோசிக்க வைத்தது. கணக்கில்லாமல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மக்களிடம் ஒரேயடியாக விடு என்று சொல்லாமல், அறுப்பதற்கு நிபந்தனைகள் வந்தன என்கிறார் அவர். ஐந்து வேளை தொழுகிறவர்தான் அறுக்க வேண்டும். கத்திக்கு அளவு உண்டு, கூர் உண்டு. எலும்பில் படக்கூடாது. முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். மற்ற மிருகம் பார்க்கக்கூடாது. அறுக்கிறவர் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், உயிர் அடங்கும் வரைக்கும் பார்வையை எடுக்கக்கூடாது, நாவில் திக்ர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு நாலைந்தைத்தானே அறுக்கலாம் என்று மக்கள் முறையிட்டார்களாம். அதற்காகத்தான் அந்த நிபந்தனைகளே வந்தன என்பது பாவாவின் வாசிப்பு. கொலையைக் குறைப்பதற்காக.

ஆலிம்கள் சிலர் இந்த விளக்கம் பிக்ஹு நூல்களில் இப்படியே இல்லை என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் சொன்ன நிபந்தனைகளில் எத்தனையோ ஆதாரபூர்வமான ஹதீஸ்களிலேயே இருக்கின்றன. அறுக்கும்போதும் அழகாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அதற்கு ஆறுதல் கொடுங்கள் என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆட்டைக் கிடத்தி வைத்துக்கொண்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டியவரைப் பார்த்து, இதை இரண்டு தடவை சாகடிக்கப் போகிறாயா என்று நபியவர்கள் கேட்டதாக ஹாகிமில் பதிவாகியிருக்கிறது. கத்தியைக் காட்டுவதே ஒரு கொலை என்றால், பத்தடி தள்ளிக் கட்டி வைத்து இன்னொன்றை அறுத்துக் காட்டுவது எத்தனையாவது கொலை?

எங்கள் தமிழ் இஸ்லாமிய இலக்கியத்திலும் இது புதிதில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று பாடியிருக்கிறார். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான் தன் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வர அவகாசம் கேட்கிறது. அதற்காக நபியவர்கள் வேடனிடம் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. இந்தச் செய்தியின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழ் முஸ்லிம் புலவர் நபியின் பெருமையைச் சொல்ல எடுத்துக்கொண்ட காட்சிகளில் ஒன்று, பால் கட்டிய ஒரு தாய் மானின் தவிப்பு. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

அப்படியென்றால் மாட்டிறைச்சியை விடச் சொல்கிறோமா? இல்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. சாப்பிடாமல் இருக்க ஒருவர் தனக்காக முடிவெடுத்தால் அவரைக் கேலி செய்யவும் எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒவ்வொரு நாளும் இறைச்சி வேண்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இறைச்சிக்கும் மதுவைப் போல ஒரு பழக்கத்தின் பிடி உண்டு என்று உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் எச்சரித்ததாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. எங்கள் கலியாண வீட்டு சஹன்களில் மிஞ்சிக் கொட்டுகிற இறைச்சியை நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ் உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. பாலும் இதே மாட்டிலிருந்துதான் வருகிறது. பால் தர வேண்டுமென்றால் பசு கன்று போட வேண்டும், போடுவதில் பாதி நாம்பன். உழவுக்கு ட்ரக்டர் வந்த பிறகு நாம்பனுக்கு வேலை இல்லை. வற்றிய பசுவுக்கும் வேலை இல்லை. அவை எங்கே போகின்றன? வளர்த்தவர் விற்கிறார், வாங்கியவர் விற்கிறார், கடைசியில் எங்கள் ஆளின் கையில் கத்தி இருக்கிறது. கன்று செத்தால் அதன் தோலுக்குள் வைக்கோல் அடைத்துப் பசுவுக்கு முன்னால் வைத்துப் பால் கறந்ததும் எங்கள் ஊர்களில்தான். அந்தப் பசு தோலை நக்கிக்கொண்டு பாலை விடும். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், அந்த நெறிக்கு நாங்கள் தலை வணங்குகிறோம். ஆனால் பால் தேநீர் குடித்துக்கொண்டு கத்தி பிடித்தவனை மட்டும் பார்ப்பது நியாயம் இல்லை.

இனி எங்கள் ஊர் விசயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

வன்னியில் மாட்டுக் களவு நின்றபாடில்லை. யுத்தத்தில் புருசனைப் பறிகொடுத்த பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு பசுவும் கன்றும் இரவோடு இரவாகப் போகிறது. காதில் இருந்த இலக்கத் தகட்டைக் காதோடு சேர்த்து அறுத்து எறிகிறார்கள். பழைய குறி தெரியாமல் இருக்க அதற்கு மேலேயே திரும்பவும் சுடுகிறார்கள். காட்டுக்குள் தலையும் குடலும் கிடக்கிறது. நாலு மாடு ஏற்ற வேண்டிய வாகனத்தில் பத்துப் பதினைந்தைக் கால் கட்டி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோய்ப் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகையில் வாசிக்கிறோம். எழும்பாத மாட்டின் வாலை முறுக்குகிறார்கள், கண்ணில் மிளகாய்த்தூள் போட்டதும் கேள்விப்பட்டிருக்கிறோம். இதைச் செய்கிறவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இறைச்சி கடைசியில் வந்து சேருகிற சட்டிகளில் எங்கள் சட்டியும் ஒன்று.

களவெடுத்த மாட்டின் கழுத்தில் பிஸ்மி சொன்னால் அந்தக் களவு கழுவுப்பட்டுவிடுமா? பக்கத்து ஊர் அம்மாவின் கண்ணீரோடு வந்த இறைச்சியை ஹலால் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்பது? மலிவு விலைக்கு, இரவு நேரத்தில், ஷொப்பிங் பையில் வருகிற இறைச்சியை வாங்குகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். யார் என்று நாங்கள் எழுதப் போவதில்லை. வாசிக்கிறவருக்குத் தெரியும்.

குர்பானின் இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைப் போய்ச் சேர்வதில்லை, தக்வாதான் போய்ச் சேர்கிறது என்பது ஹஜ் அத்தியாயத்தின் 37 ஆவது வசனத்தின் கருத்து. பெருநாள் குத்பாவில் வருடா வருடம் கேட்கிறோம். கேட்டுவிட்டு வந்து, மாட்டை விழுத்துவதை ஃபோனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். ஆறு பேர் வாலிலும் கொம்பிலும் தொங்க, பொடியன்மார் கூக்குரல் போட, அந்த உயிர் போகிறது. அந்த வீடியோவைப் பார்த்த தமிழ்ப் பிள்ளை எங்கள் மார்க்கத்தைப் பற்றி என்ன நினைக்கும் என்பது ஒரு பக்கம். எங்கள் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை அந்தக் கடைசி வாங்கில் கேட்டுவிட்டோம்.

எனவே சில காரியங்களைப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கப் போகிறோம். வரும் பெருநாளுக்கு வீட்டுக்கு வீடு அறுக்காமல் ஒரே இடத்தில் அறுப்பது. மாடு நிற்கிற இடத்துக்கும் அறுக்கிற இடத்துக்கும் நடுவில் படங்கு கட்டி மறைப்பது. முதல் நாளே கொண்டுவந்து நிழலில் கட்டித் தண்ணியும் புல்லும் வைப்பது. தொழில் தெரிந்த, கை நடுங்காத, தீட்டிய கத்தி வைத்திருக்கிற இரண்டு பேர் மட்டும் அறுப்பது. ஃபோன் உள்ளே வரக்கூடாது. மாடு விற்றவரின் உரிமைப் பத்திரத்தையும் குறியையும் பார்த்து எழுதி வைக்காமல் எந்த மாடும் உள்ளே வரக்கூடாது. அந்தப் பதிவுப் புத்தகத்தை மாடு தொலைத்த எவர் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும், அவர் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, தேவாலயத்துக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. படங்கு ஒருவர் தருவதாகச் சொல்லிவிட்டார். புத்தகம் நாங்கள் வாங்கித் தருவோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் இதைப் பற்றிக் கதைக்க இருக்கிறோம். இறைச்சிக்கடைச் சகோதரர்கள் கட்டாயம் வர வேண்டும், நீங்கள் இல்லாமல் இது நடக்காது. எதிர்க் கருத்து உள்ளவர்களும் வாருங்கள்.

அந்தப் பிள்ளையிடம் நேற்றுப் பேசினோம். போன வருடம் தூசு என்று சொன்னது பிழை மகள், அது பயந்துதான் நின்றிருக்கும் என்றோம். "எனக்குத் தெரியும் சேர்" என்றது.